எதிரணி 'அது போதைப்பொருள்தானே' என்று கேட்டால்

மருத்துவக் கஞ்சாவை அனுமதிக்கலாம் என்று விவாதத்தில் பேச வேண்டும், எதிரணி 'அது போதைப்பொருள்தானே' என்றால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். மார்ஃபினைச் சொல்லுங்கள். அபினிலிருந்து வருவதுதான், ஆனாலும் புற்றுநோய் வலிக்கு மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். அப்புறம், கஞ்சாவில் உள்ள கன்னாபிடையால் (CBD) என்ற வேதிப்பொருள் போதை தராது. அதிலிருந்து தயாரித்த எபிடியோலெக்ஸ் மருந்தை, இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா 2018-இல் அங்கீகரித்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையமும் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது (27-க்கு 25, இரண்டே வாக்கு வித்தியாசம், எதிரணி இதையும் பிடித்துக்கொள்ளும்).

என்னைக் கேட்டால் வலுவான வாதம் வேறு: தடை இருப்பதால் மட்டும் வலியில் இருப்பவர் தேடாமல் இருப்பதில்லை, அளவும் கலப்படமும் தெரியாமல் வாங்குகிறார். 'புற்றுநோயையே குணமாக்கும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை, மாட்டிக்கொள்வீர்கள்.