மாவு உருண்டைக்குள் ஆறு முள்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு மானூர்ப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு குளத்தில் தூண்டில் போடுகிறேன். இதுவரை மூங்கில் கம்புதான். கட்லாவும் சாதாக் கெண்டையும் பிடிக்க ரீல் வைத்த தூண்டில் வாங்கலாம் என்று 4,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் ஆறு முள் தொங்கும் ஸ்பிரிங் ஒன்றைக் காட்டி, "இது போதும், மீன் தானாக மாட்டும்" என்கிறார். இன்னொன்று: எங்கள் கன்னி இன நாயும் என்னோடு கரைக்கு வரும். போன வாரம் இரை மாவை மோப்பம் பிடித்துக் கவ்வப் போனாள். கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். என்ன வாங்கட்டும், அவளை என்ன செய்யட்டும்?

பதில்: அந்த ஸ்பிரிங்கை வாங்காதீர்கள். உங்கள் இரண்டு கேள்விக்கும் முதல் பதில் அதுதான்.

மீன் கடிக்காத நேரத்தில் கரையில் பேச்சு நாய்ப் பக்கம் திரும்புவது எங்கும் உள்ளதுதான். ஒருவர் கன்னியின் ஓட்டத்தைச் சொல்வார், அடுத்தவர் இராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தைச் சொல்வார், மூன்றாமவர் புறா வளர்ப்பவராக இருந்தால் இருவரையும் பேச விடமாட்டார். ஆனால் அவர்கள் காலடியில் கிடக்கும் இரை மாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஸ்பிரிங் வேலை செய்யும் விதம் எளிது. கம்பிச் சுருளைச் சுற்றி மாவை அப்பி, குட்டை நூல்களில் தொங்கும் முட்களை மாவுக்குள் செருகி எறிவார்கள். மாவு கரையக் கரைய மீன் உறிஞ்சும், முள்ளும் உள்ளே போகும். மீன் மாட்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு முள் வாயில் ஏறினால், மீன் துள்ளும்போது மற்றவை செவுளிலும் கண்ணிலும் விலாவிலும் குத்துகின்றன. கைக்குள் அடங்கும் குஞ்சைத் திருப்பி விடலாம் என்றாலும் அது பிழைக்கிற நிலையில் இருக்காது. நம் குளங்கள் பலவற்றில் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே கருவேல மரங்கள் நிற்கின்றன. சும்மா தொங்கும் முட்கள் முதலில் மாட்டுவது அந்தக் கிளைகளில்தான். நாயின் பக்கமிருந்து பார்த்தாலோ, வெல்லமும் வெனிலாவும் மணக்கும் ஒரு மாவுக் கட்டி, உள்ளே ஆறு முள்.

சாதாக் கெண்டைக்கு ஒற்றை முள் போதும். கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, இருப்பது தொண்டைக்குள். அதனால் அது இரையைக் கடிப்பதில்லை, உறிஞ்சிப் பார்த்துச் சந்தேகம் வந்தால் துப்பிவிடும். இந்தக் குணத்தை வைத்தே இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மேடாக்ஸும் 'ஹேர் ரிக்' என்ற கட்டை உருவாக்கினார்கள். இரையை முள்ளில் குத்துவதில்லை. முள்ளைக் கட்டிய நூலின் நுனியை வெட்டாமல் சிறிது வால் விட்டு, அதில் இரையைக் கோத்துத் தொங்கவிடுகிறோம். முள் வெறுமையாக நிற்கும். மீன் துப்பும்போது இரை வெளியே வரும், முள் கீழுதட்டில் பதிந்துவிடும்.

இதற்கு நல்ல இரை மக்காச்சோளம். ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, நகம் இறங்கும் பதத்துக்கு வேகவையுங்கள். இரண்டு மணி கோத்தால், முள்ளின் வளைவுக்கும் முதல் மணிக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். முள் 6 அல்லது 8ஆம் எண். எண் கூடக்கூட முள் சிறுக்கும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். வாங்கி வந்ததும் முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். மீன் நழுவிவிடுமே என்பார்கள். நரம்பை, அதாவது தூண்டில் நூலை, தளரவிடாமல் இழுத்தால் பெரும்பாலும் நழுவாது. நாயின் உதட்டிலோ உங்கள் விரலிலோ ஏறினாலும் வந்த வழியே எடுத்துவிடலாம்.

எடைக்கான ஈயத்தை நரம்பில் இறுக்கிக் கட்டாமல் தாராளமாக ஓடும்படி கோத்துவிடுங்கள். நரம்பு அறுந்தால் மீன் ஈயத்தையும் இழுத்துக்கொண்டு திரியாது.

கட்லாவுக்கு இந்தக் கட்டு ஒத்துவராது. அதன் வாய் மேல்நோக்கித் திறந்தது, மீசை இல்லை, மேல்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சலித்துத் தின்பது. அடியில் ஈயம் போட்டுக் காத்திருந்தால் மிர்காலும் சாதாக் கெண்டையும் வரும், கட்லா தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். அதற்குத் தக்கைதான். தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று அடி ஆழத்தில் ஒற்றை முள், அதில் கோலிக்குண்டு அளவு மாவு. சுற்றிலும் நனைத்த தவிட்டைச் சிறுகச் சிறுகத் தூவிக் கலங்கலாக்க வேண்டும். ரோகு நடுத்தண்ணீர் மீன். தக்கையை இன்னும் ஏற்றி ஆழத்தைக் கூட்டினால் அதுவும் கிடைக்கும்.

கம்பு ஒன்பது அல்லது பத்து அடி, 30 முதல் 80 கிராம் வரை எறியக்கூடியது. ரீல் 4000 அளவு; இது விலையல்ல, ரீலின் அளவு எண். நரம்பு 0.35 மி.மீ. ஒற்றை இழை, கருவேல முள்ளில் உரசினால் பின்னல் நரம்பைவிட அது தாங்கும். பணம் பத்தாவிட்டால் கம்பில் குறையுங்கள், ரீலில் குறைக்காதீர்கள். பெரிய கட்லா ஓடும்போது நரம்பைச் சீராக விட்டுக்கொடுப்பது ரீலின் டிராக்தான். கம்பைத் தாங்கியில் வைத்துவிட்டு நாயைக் கவனிக்கிற ஆள் நீங்கள். அந்த நேரத்தில் டிராக் தளர்வாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கம்பு குளத்துக்குள் போய்விடும்.

இனி அவள். கன்னி மூக்கைவிடக் கண்ணை நம்புகிற வேட்டை இனம். முயலோ மயிலோ ஓடினால் உங்கள் குரல் அவள் காதில் ஏறாது, நடுவில் நரம்பு இருப்பதும் தெரியாது. கம்புகளுக்குப் பின்னால், அவற்றை எட்டாத நீளத்தில் கட்டுங்கள். இரையை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த பச்சை மாவு நாயின் வயிற்றுக்குள் போய் மேலும் உப்பும், சாராயமும் ஊறும். கடலைப் புண்ணாக்கு இன்னும் மோசம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகி ஈரலைக் கெடுக்கும். மீனுக்குத்தானே என்று பழைய புண்ணாக்கை எடுத்து வருவது நம் பழக்கம். நாய் வரும் நாளில் வேண்டாம். கோடையில் பச்சைப் பாசி படலமாக மிதக்கும் குளத்தில் அவளைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள், சில பாசிகள் நாயைக் கொல்லும் நஞ்சுள்ளவை. வீட்டுத் தண்ணீர் கொண்டு போங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முள்ளை விழுங்கிவிட்டால் நரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது அதுதான், உணவுக்குழாய் கிழிவதும் அதனால்தான். வாய்க்கு வெளியே ஒரு முழம் நரம்பை விட்டு வெட்டி, கழுத்துப் பட்டையில் தளர்வாக முடிந்துவிடுங்கள். முள்ளைத் தேட மருத்துவருக்கு அந்த நரம்பு உதவும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், ஏறும்போதும் முள் குத்தும். சோறும் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை. நேரே அங்கே கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். விழுங்கியது ஈயம் என்றாலும் போக வேண்டும், வயிற்றில் தங்கினால் உடம்பில் ஊறும்.

இடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பல குளங்களில் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். இரண்டுக்கும் தூண்டிலோடும் போகக்கூடாது, நாயோடும் போகக்கூடாது. வடகிழக்குப் பருவமழையில் குளத்துக்குப் புதுத்தண்ணீர் வரும்போது வரத்துக்கால் வாய்ப்பக்கம் கெண்டை கூடும், அங்கே முயன்று பாருங்கள். மறுகால் பாய்கிற நாளில் மட்டும் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். அந்த இழுப்பில் நாயால் கரையேற முடியாது.