கேம்பர்வேனில் கேஸ் தோம்போடு எல்லை தாண்டலாமா?

பினாங்கிலிருந்து தாய்லாந்தின் ஹாட்யாய்க்குக் குடும்பத்தோடு கேம்பர்வேனில் போகிறோம், வீட்டிலிருக்கும் 14 கிலோ கேஸ் தோம்பை (சிலிண்டரை) ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மானிய விலைச் சமையல் எரிவாயு இங்கே மலேசியாவில் கட்டுப்பாட்டுப் பொருள். புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லைச் சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டிவரும். அதைவிட எனக்குப் பயம் கசிவுதான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. இதில் இருக்கும் புரோப்பேன் சுமார் 1.5 மடங்கு, பியூட்டேன் 2 மடங்கு. கசிந்தால் ஜன்னல் வழியாக மேலே போய்விடாது. தரையில், பாய் விரித்துப் பிள்ளைகள் படுக்கும் இடத்தில்தான் தேங்கும். அதனால்தான் முறையாகக் கட்டிய வேன்களில் தோம்புக்குத் தனிப் பெட்டியும், அதன் அடியில் வெளியே திறக்கும் துளையும் இருக்கும்.

உங்கள் வேனில் அது இல்லையென்றால், கையடக்க அடுப்பு ஒன்று போதும். பியூட்டேன் டப்பாவை அங்கே போய் வாங்குங்கள். சமைத்ததும் கழற்றிவிடுங்கள், வெயிலில் நிற்கும் வேனுக்குள் விடாதீர்கள். அப்புறம், அடுப்பை வெளியில்தான் பற்ற வையுங்கள். மூடிய வேனுக்குள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது.