1390 சிசி டிஎஸ்ஐ கோல்ஃப்: எடுக்கலாமா, விடலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது. வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் வேண்டும். 2010 மாடல் ஃபோக்ஸ்வாகன் (விடபிள்யூ) கோல்ஃப் 6, 1.4 டிஎஸ்ஐ என்ற டர்போ பெட்ரோல் எஞ்சின், 160 குதிரைத்திறன், 1,38,000 கி.மீ. ஓடியது, 3,900 யூரோ சொல்கிறார்கள். பெட்ரோல் என்பதால் நகரத்து டீசல் தடை பற்றிய கவலையும் இல்லை. எடுத்துவிடலாமா?

வேண்டாம். இதே கோல்ஃபில் 122 குதிரைத்திறன் எஞ்சினும், டைமிங் செயின் (கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் சங்கிலி) மாற்றிய பில்லும் இருந்தால் பேசலாம். 160 வேண்டவே வேண்டாம்.

இங்கே பழைய கார் பார்க்கப் போனால் முதலில் ஃபார்ட்சோய்க்ஷைனைக் கேட்டு வாங்குங்கள். அதுதான் இந்த ஊர் ஆர்சி. அதில் பி.1 (P.1) கட்டத்தில் சிசி, பி.2 (P.2) கட்டத்தில் கிலோவாட். பி.1-ல் 1390, பி.2-ல் 90 என்றால் டர்போ (புகை வேகத்தில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கும் விசிறி) மட்டும் உள்ள 122 குதிரைத்திறன் எஞ்சின். 1390-உடன் 103, 110, 118, 125 என்று ஏதாவது இருந்தால் டர்போவோடு கம்ப்ரஸரும் சேர்ந்த இரட்டை ரகம்; உங்களுக்குக் காட்டியது 118. 1390-உடன் 59 என்றால் டர்போவே இல்லாத, பெல்ட் ஓட்டும் சாதாரண எஞ்சின், அது வேறு கதை. பி.1-ல் 1395 என்று இருந்தால் 2012-ல் கோல்ஃப் 7-உடன் வந்த புது எஞ்சின்: அலுமினிய பிளாக், செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட். ஐந்து சிசி கூடியிருக்கிறது என்று நினைக்காதீர்கள், போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) உட்பட எல்லாமே மாறிவிட்டது. பட்ஜெட் எட்டினால் அதைத் தேடுங்கள். எஞ்சினின் எழுத்துக் குறியீடு ஃபார்ட்சோய்க்ஷைனில் இருக்காது. டிக்கியில் ஸ்டெப்னி குழியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். 122-க்கு சிஏஎக்ஸ்ஏ, 160-க்கு சிஏவிடி, பழைய 170-க்கு பிஎல்ஜி.

எஞ்சினின் அடிப்படை இரண்டு ரகத்துக்கும் ஒன்றுதான். நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், 16 வால்வு, போர் 76.5 மி.மீ., ஸ்ட்ரோக் 75.6 மி.மீ., பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும். 122 ரகம் 1500 முதல் 4000 ஆர்பிஎம் வரை 200 நியூட்டன் மீட்டர் இழுவை தரும். நகரத்துக்கும் ஆட்டோபானுக்கும் (இங்குள்ள எக்ஸ்பிரஸ்வே) அது தாராளம். இரட்டை ரகத்தில் கீழ் ஆர்பிஎம்மில் பெல்ட் சுற்றும் கம்ப்ரஸர் காற்றை அமுக்கித் தரும். 2400 வரை அதன் வேலை, தேவைப்பட்டால் 3500 வரை; அதற்கு மேல் டர்போ மட்டும். அதனால் 240 நியூட்டன் மீட்டர். இந்த இரட்டை எஞ்சினுக்கு 2009-ல் உலகின் சிறந்த எஞ்சின் என்ற விருதுகூடக் கிடைத்தது. விருது கொடுப்பவர்கள் லட்சம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதில்லை.

இரண்டு ரகத்துக்கும் பொதுவான நோய் டைமிங் செயின். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. வண்டி இரவெல்லாம் நின்றால் ஆயில் வடிந்து டென்ஷனர் தளரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் ஏறும் வரை தொய்ந்த செயின் கவரில் அடிக்கும். இணைப்புகள் தேயத் தேய செயின் நீளும். கேம்ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டை விடப் பின்தங்கும். கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்தால் பி0016 என்று எர்ரர் போட்டு எஞ்சின் விளக்கை எரியவிடும். கண்டுபிடிப்பதற்குள் செயின் பல் தாவிவிட்டால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். வால்வுகள் இருக்கும் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

செயின் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? வடிவமைப்பிலேயே பலவீனம் உண்டு. செயினையும் டென்ஷனரையும் கம்பெனியே பிறகு திருத்தி விற்றது. ஆனால் அதைக் கெடுத்தது லாங்லைஃப் சர்வீஸ். 30,000 கி.மீ. அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும் என்ற ஏற்பாடு அது. குளிரில் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்த்துப்போக வைக்கும். அந்த ஆயில் செயினைத் தேய்த்துவிடும். எனவே சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டும்போது கிலோமீட்டரைவிட இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 1,60,000 ஓடி 12,000-க்கு ஒரு முறை ஆயில் மாற்றிய வண்டி, 90,000 மட்டும் ஓடி மூன்று முறை மாற்றிய வண்டியைவிட மேல்.

பார்க்கப் போகும் நாளில் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் "சும்மா நகர்த்தி வைத்தேன்" என்பார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் வெளியே, செயின் பக்கம் நிற்க வேண்டும். எஞ்சினைப் பார்த்து நின்றால் உங்கள் இடது கை ஓரம். இரண்டு மூன்று விநாடி கரகரவென்று தகரத்தில் சங்கிலி இழுத்த மாதிரி சத்தம் வந்தால் செயின் போய்க்கொண்டிருக்கிறது. இடைவிடாமல் மெல்லிய டிக் டிக் கேட்டால் அது இன்ஜெக்டர், பயம் வேண்டாம்.

செயின் மாற்றியிருக்கிறோம் என்றால் பில்லில் என்ன பாகங்கள் என்று படியுங்கள். செயின் மட்டும் போதாது. டென்ஷனர், வழிகாட்டிப் பட்டைகள், கிராங்க் பல்சக்கரம், கேம் அட்ஜஸ்டர், புது போல்ட்டுகள் எல்லாம் சேர வேண்டும். கிராங்க் பல்சக்கரத்துக்கு அது நழுவாமல் பிடிக்கும் ஆப்பு (கீ) கிடையாது. நடு போல்ட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. அதனால் கிராங்கையும் கேமையும் பூட்டும் கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. செலவு தனிப் பட்டறையிலேயே ஆயிரம் யூரோவைத் தாண்டும். பேரம் பேசும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. ஸ்டுட்கார்ட் கிண்ணம் மாதிரி; வீட்டுத் தெருவெல்லாம் சரிவு. மேன்யுவல் கியர் வண்டியைச் சரிவில் கியரை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். வண்டி கொஞ்சம் உருண்டு எஞ்சின் பின்பக்கமாகச் சுற்றினால், ஆயில் வடிந்து தளர்ந்த டென்ஷனர் உள்ளே போய்ச் செயின் தாவ வழி உண்டு. ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுங்கள், சக்கரத்தை நடைபாதைக் கல் பக்கம் திருப்புங்கள்.

இனி 160-ஐ ஏன் விடச் சொல்கிறேன் என்பது. செயின் நோய், செயினை மாற்றினால் தீரும். இதில் பிஸ்டனே உடைகிறது. கீழ் ஆர்பிஎம்மில் கம்ப்ரஸர் ஏற்றும் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) வரும். அந்த அடி தொடர்ந்து விழ, பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வரம்பு பிளந்துவிடும். ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங், நீலப் புகை, ஆயில் டிப்ஸ்டிக் வழியே காற்று தள்ளுவது என்று வெளியே தெரியும். பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் காற்றின் அழுத்தம்) பார்த்தால் 10 முதல் 15 பார் வர வேண்டும். 7 கடைசி எல்லை. சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. உடைந்த துண்டு சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தால் பிஸ்டன் மாற்றியும் பயனில்லை. 3,900 யூரோ வண்டிக்கு அந்தச் செலவு கட்டாது. அதோடு கம்ப்ரஸரை இணைக்கும் மின்காந்த கிளட்ச் வாட்டர் பம்போடு சேர்ந்தே வருவதால், பம்ப் ஒழுகினால் அந்த பில்லும் 122-ஐவிடப் பெரிது. நண்பர் யாராவது ஏற்கெனவே இதை வைத்திருந்தால் 98 ஆக்டேன் பெட்ரோல் போடச் சொல்லுங்கள். உயர்ந்த கியரில் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே முழுசாக மிதிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

122-ல் செயினுக்கு அடுத்த தொல்லை வேஸ்ட்கேட், அதாவது டர்போவைச் சுற்றும் புகையில் மிஞ்சியதை வேறு வழியே விடும் கதவு. டர்போ ரேடியேட்டர் பக்கமே இருக்கிறது; அதன் வேஸ்ட்கேட் கம்பி துருவும் சூடும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். திறந்தபடி ஒட்டினால் பிக்கப் போய் பி0299 வரும். மூடியபடி ஒட்டினால் அழுத்தம் மிஞ்சி பி0234. ஆட்டோபானில் முந்தும்போது திடீரென்று இழுவை செத்து, நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் இதுதான். டர்போவே மாற்ற வேண்டும் என்று சொல்லும் பட்டறைக்குத் தலையாட்டுவதற்கு முன், கம்பி தடையில்லாமல் அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பி0301 முதல் பி0304 வரை வந்தால் எந்தச் சிலிண்டர் மிஸ்ஸிங் என்பது கடைசி எண். அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரில் மாற்றிப் போடுங்கள். எர்ரரும் கூடவே நகர்ந்தால் காயில், நகராவிட்டால் பிளக், அதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷன். பிளக்கின் ஆயுள் 60,000 கி.மீ. இன்ஜெக்டர் வால்வுக்குப் பின்னால் பீய்ச்சுவதில்லை, அதனால் வால்வைக் கழுவ பெட்ரோல் கிடையாது, கரி படியும். குளிர் ஸ்டார்ட்டில் எஞ்சின் குலுங்கினால் வால்நட் ஓட்டுத் துகளால் அடித்துச் சுத்தம் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. ஆட்டோமேடிக் வேண்டுமென்றால், 122-இல் வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் தனியாக ஒரு தலைவலி, மேன்யுவல் எடுங்கள்.

வாங்கியதும் முதல் வேலை ஆயில்: ஃபில்டரோடு 3.6 லிட்டர், விடபிள்யூ 502 00 தரம். சர்வீஸ் கணக்கை லாங்லைஃபிலிருந்து நிலையான இடைவெளிக்கு மாற்றச் சொல்லி, வருஷத்துக்கு ஒரு முறை, 10,000–12,000-க்குள் மாற்றுங்கள். எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் தாராளமாகப் போடலாம். வண்டியை அணைத்த பிறகும் முன்பக்கம் பதினைந்து நிமிடம் வரை ஹம் என்று ஓடினால் டர்போவைக் குளிர்விக்கும் சின்ன பம்ப், பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள்.

வரி பெரிதில்லை. 2009 ஜூலை முதல் பதிவான 1390 சிசி பெட்ரோலுக்கு சிசி கணக்கில் 28 யூரோ. 2011 முடிய பதிவானதென்றால் 120 கிராமுக்கு மேல் ஒவ்வொரு கிராம் கரியமில வாயுவுக்கும் 2 யூரோ. 144 கிராம் வண்டிக்கு வருஷத்துக்கு 76.

டீலரிடம் வாங்கினால் குறைந்தது ஓராண்டு கெவேர்லைஸ்டுங் (விற்ற வண்டியில் இருந்த குறைக்குச் சட்டப்படியான பொறுப்பு) அவருக்கு உண்டு. ஒப்பந்தத்தில் "இம் குண்டன்அவுஃப்ட்ராக்" என்று இருந்தால், வேறொருவருக்காக விற்பதாகச் சொல்லி அந்தப் பொறுப்பிலிருந்து நழுவுகிறார் என்று அர்த்தம்; தனியாரும் அதை விலக்கி எழுதலாம். செயின் மாற்றியது எத்தனையாவது கிலோமீட்டரில் என்பதை ஒப்பந்தத்திலேயே கையால் எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டு லைசென்ஸ் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, ஓட்டிப் பார்ப்பதை அதற்குள் முடியுங்கள்.