அம்மாவின் பாதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் ஒரு புண் ஆறவே இல்லை. சுகமளிக்கும் கூட்டங்களுக்கு அழைத்துப் போகிறோம். விசுவாசக் குறைவுதான் காரணம் என்று ஊழியர் சொன்னதிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். ஜெபத்தால் சுகம் கிடைப்பது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் டாக்டர். நாளைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். அம்மா மாத்திரையை நிறுத்தியபோது பார்த்துக்கொண்டா இருந்தீர்கள்? படித்த பிள்ளை செய்கிற காரியமா இது? ஜெபம் பலிக்குமா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை, நானும் ஜெபிக்கிறவன்தான். ஆனால் நோயில் கிடக்கிறவரிடம் போய் ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று சொல்வதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

என் பெரியப்பாவிடமும் இதையே சொன்னார்கள். அவருக்குத் தொழுநோய். கோவிலில் பின்வாசல் ஓரம் தனியாக உட்காருவார். ஒருநாள் அடுப்பிலிருந்து கஞ்சிச் சட்டியை வெறுங்கையால் இறக்கினார், தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

அந்தக் கையைப் புரிந்துகொண்டவர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் மிஷனரி வீட்டில் பிறந்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர். இந்த நோயில் விரல்கள் தானாக அழுகி விழும் என்றே அன்று நம்பினார்கள். அப்படியில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் சூடும் வெட்டும் படப்படத்தான் விரல் தேய்கிறது என்று அவர் காட்டினார். ராத்திரி எலி கடித்தால்கூடத் தெரியாது, அதனால் வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். மடங்கிப்போன விரல்களை, தசையை எலும்போடு கட்டும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்ய வைத்தார். வலி தெரியாத பாதத்தைப் பற்றி அங்கே கற்றது பிற்பாடு சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவியது, உங்கள் அம்மாவின் புண்ணும் அந்த வகையாக இருக்கலாம்.

மாற்கு சுவிசேஷம் சொல்லும் வரிசையைப் பாருங்கள். இயேசு மனதுருகினார், கையை நீட்டினார், அந்தத் தொழுநோயாளியைத் தொட்டார். சுத்தமாகு என்றது அதற்கு அப்புறம்தான். அவன் இன்னும் நோயோடு இருக்கும்போதே தொட்டிருக்கிறார். எங்கள் கோவிலில் பெரியப்பாவை ஒருவரும் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை. அவர் போகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது, இன்றைக்கும் அது என்னை விடவில்லை.

இன்றிரவு அம்மாவின் காலை மடியில் எடுத்து வையுங்கள். டார்ச் அடித்து விரலிடுக்கு வரை பாருங்கள், ஒரு சின்னக் கல் குத்திக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.