போர் நடக்கும் ஊருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தருமபுரியில் நர்சிங் மாணவர்களுக்கு அவசர சிகிச்சைப் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு முன் இரண்டு வருடம் தெற்கு சூடானில் குண்டடி பட்டவர்களுக்கான வார்டில் நர்ஸாக இருந்தேன். எனக்கு வந்த கேள்விகளும் பதில்களும் இவை.

பாலக்கோடு, நர்சிங் மாணவி: அக்கா, முதலில் எதைப் பழக வேண்டும்?

ரத்தத்தை நிறுத்த. கையிலோ காலிலோ பீறிட்டால் காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிகெட் பட்டையைக் கட்டு. ரத்தம் நிற்கும் வரை முறுக்கு. அவர் வலியில் கத்துவார், விட்டுவிடாதே. கட்டிய நேரத்தை உடனே எழுது. இரண்டு மணி நேரம் தாண்டினால் அந்தக் காலுக்கே ஆபத்து. என் வகுப்பில் விளக்கை அணைத்து, கையுறையில் சோப்புத் தண்ணீர் ஊற்றித்தான் கட்டச் சொல்வேன். முதல் நாள் எல்லோருக்கும் வழுக்கும்.

ஊத்தங்கரை, மருத்துவ மாணவர்: இங்கிருந்தே பழக முடியுமா?

முடியும் தம்பி. தொப்பூர் கணவாயில் லாரிகள் மோதி, ஒரே நேரத்தில் பத்துப் பேரைக் கொண்டு வரும் இரவில் கேஷுவாலிட்டியில் நில். அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போ. ஆனால் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். இங்கே விபத்து என்றதும் ஓடுவோம். அங்கே குண்டு விழுந்த இடத்துக்கு ஓடக் கூடாது. உதவ வருகிறவர்கள் மேல் இரண்டாவது குண்டு விழலாம்.

ஓசூர், ஒரு தாய்: செஞ்சிலுவை போட்டிருந்தால் என் மகனைச் சுட மாட்டார்கள்தானே?

சட்டம் அப்படித்தான் சொல்கிறது அம்மா. 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் மருத்துவப் பணியாளரைத் தாக்கக் கூடாது என்கின்றன. ஆனால் 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியது. 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனை இருக்கும் இடத்தை முன்கூட்டியே ராணுவத்திடம் சொல்லியும் அது நடந்தது. அதனால் மகனை அனுப்புகிறவர்களிடம் நேராகக் கேளுங்கள்: பாதுகாப்புப் பயிற்சி எத்தனை நாள்? வெளியேறும் முடிவை யார் எடுப்பார்? இன்சூரன்ஸ் உண்டா? பயமாக இருக்கிறது என்று அவன் சொன்னால் உடனே திருப்பி அனுப்புவீர்களா? மழுப்பினால் அனுப்பாதீர்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர் மருந்துக்கடைப் பலகையிலும் டாக்டர் காரிலும் செஞ்சிலுவை போடுவது இந்தியாவின் 1960 ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி தவறு. கண்ட இடத்தில் ஒட்டினால் போர்க்களத்தில் அதற்கு யார் மதிப்புத் தருவார்கள்?

காரிமங்கலம், பார்மசி மாணவர்: சண்டை போடுகிறவரே காயத்தோடு வந்தால்?

பார்க்க வேண்டும், எந்தத் தரப்பானாலும். துப்பாக்கி மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது.