கம்மி பட்ஜெட்ல சோழர் காசு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாசம் 2,000 ரூபாய்க்கு மேல ஒதுக்க முடியாது சார். ஆன்லைன் ஏலத்துல சோழர் காசு வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆரம்ப விலை கம்மியாதான் போடுறாங்க, ஆனா கடைசில பில் எங்கயோ போய் நிக்குது. எப்படி வாங்குறது? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: 2,000 தாராளமா போதும் தம்பி. சோழர் காசுன்னாலே லட்சம் வேணும்னு நினைச்சுக்குறாங்க, அதெல்லாம் தங்கத்துக்குத்தான். ராஜராஜன் பேர் போட்ட செப்புக்காசு தமிழ்நாட்டுலயும் இலங்கையிலயும் ஏராளமா கிடைச்சது, அதனால சுமாரான நிலையில இருக்குறது சில நூறு ரூபாய்க்கே முடிஞ்சுடும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின காசு இந்த விலைக்கு நம்ம கைக்கு வருதுங்குறது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

முதல்ல பில் கணக்கு. நீங்க கேக்குற தொகை வேற, கட்டுற தொகை வேற. 1,000 ரூபாய்க்கு ஏலம் முடிஞ்சுதுன்னு வைங்க, ஏல கம்பெனி கமிஷன் 20 சதவீதம்னா இன்னொரு 200, அதுக்கு மேல ஜிஎஸ்டி, அப்புறம் கூரியர், இன்சூரன்ஸ், எல்லாம் சேர்ந்தா சுலபமா 1,400ஐ தொட்டுடும். கமிஷன் எவ்வளவு, ஜிஎஸ்டி எதுக்கு எவ்வளவுன்னு விதிமுறை பக்கத்துல போட்டிருப்பாங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதை படிக்காம ஏலத்துல கையே வைக்காதீங்க. கையில 2,000 இருந்தா பின்னாடியிருந்து கணக்கு போட்டு, 1,400 வரைக்கும்தான் கேப்பேன்னு ஏலத்துக்கு முந்தின நாளே எழுதி வச்சுடுங்க. அந்த உச்சத் தொகையை ஆட்டோ பிட்ல போட்டுட்டு வேற வேலையை பாருங்க, உங்களுக்காக சிஸ்டமே தேவையான அளவுக்கு மட்டும் ஏத்திக்கும். ஸ்கிரீன் முன்னாடி உக்காந்தா "இன்னும் ஒரு நூறுதானே"ன்னு கை துறுதுறுங்கும், பட்ஜெட் காலியாகுறது அங்கதான். கடைசி நொடியில அடிச்சு ஜெயிச்சுடலாம்னும் நம்பாதீங்க, நிறைய இடத்துல கடைசி நேரத்துல யாராவது கேட்டா டைம் தானா நீளும்.

அடுத்தது, எந்த காசுக்கு பணம் போடுறதுங்குறது. இந்த ராஜராஜன் காசுல ஒரு பக்கம் நிக்குற உருவம், இன்னொரு பக்கம் உக்காந்த உருவம், அது பக்கத்துல நாகரி எழுத்துல (இப்போ இந்தி எழுதுற எழுத்தோட பழைய வடிவம்) ஸ்ரீ ராஜராஜன்னு பேர். அச்சு பெருசு, செப்புத்துண்டு சிறுசு, அதனால முக்கால்வாசி காசுல எழுத்து ஓரத்துல வெட்டுப்பட்டு பாதிதான் விழுந்திருக்கும். பளபளன்னு இருக்கேன்னு வாங்காதீங்க, பளபளப்புன்னா யாரோ புளி போட்டு தேய்ச்சிருக்காங்கன்னு அர்த்தம், பச்சையும் பழுப்புமா படிஞ்ச அந்த மேல்தோல் போச்சுன்னா திரும்ப வரவே வராது. கொஞ்சம் கருத்திருந்தாலும் பரவாயில்ல, பேர் முழுசா விழுந்திருக்குற காசா பாருங்க.

இங்கதான் பணத்தை விட படிப்பு உதவும். ராஜராஜன் இலங்கையோட வடபகுதியை பிடிச்சதுக்கு அப்புறம் இந்த டிசைன் அங்க அப்படியே ஊறிப்போச்சு, பின்னாடி வந்த இலங்கை ராஜாக்கள் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், ஏன் லீலாவதிங்குற ராணி கூட இதே நிக்குற உருவம், உக்காந்த உருவம் போட்டுத்தான் காசு அடிச்சாங்க, பேர் மட்டும்தான் மாறுச்சு. மொத்தமா பத்து இருபது காசு சேர்த்து "சோழர் செப்புக்காசு"ன்னு ஒரே லாட்டா போடுறப்போ உள்ள இந்த இலங்கை காசுகளும் கலந்து கிடக்கும், விக்கிறவங்க பல பேர் எழுத்தை படிக்கிறதில்ல. நாகரில ஒரு பத்து பன்னெண்டு எழுத்து பழகிட்டு போட்டோவை பெருசு பண்ணி பாருங்க, மூணு தடவை அரியணை ஏறின அந்த லீலாவதி பேர் உங்க கண்ணுல பட்டாலும் படும். மாசாமாசம் எதையாவது வாங்கியே ஆகணும்னு இல்ல, ரெண்டு மாசம் சும்மா ஏலத்தை பாத்து முடிஞ்ச விலையை எல்லாம் நோட்ல குறிச்சுட்டு வந்தாலே எது நியாய விலைன்னு உங்களுக்கே பிடிபட்டுடும்.

கேள்வி: கரூர் ஆத்துல கிடைச்ச ரோமன் வெள்ளிக்காசுன்னு ஒருத்தர் அடிமாட்டு விலைக்கு ஏலம் விடுறார். நம்பலாமா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நம்பாதீங்க. கரூர் அமராவதி ஆத்துல ரோமன் காசு கிடைச்சது உண்மை, அதனாலதான் அந்த ஊர் பேரை சொல்லி போலியை தள்ளிவிடுறாங்க. தென்னிந்தியாவுல அதிகமா கிடைச்ச ரோமன் வெள்ளின்னா அகஸ்டஸ், டைபீரியஸ்ங்குற ரோமப் பேரரசர்களோட காசுகள், போலியும் அதுலதான் அதிகம். அகஸ்டஸ் காசுல பின்பக்கம் அவரோட வாரிசுகள் ரெண்டு பேர் நிப்பாங்க, நடுவுல கேடயமும் ஈட்டியும் இருக்கும். நிஜ காசு அடிச்சு செஞ்சது, எழுத்து விளிம்பு கூர்மையா நிக்கும். வார்ப்புல செஞ்ச போலில எழுத்து சோப்பு கரைஞ்ச மாதிரி மழுங்கி இருக்கும், மேல பொடிப்பொடியா காத்துக்குமிழ் குழி தெரியும், ஓரத்துல சுத்திவர ஒரு கோடு ஓடும். அதனால விளிம்பு போட்டோவும் எடையும் கேளுங்க, நல்ல காசுன்னா நாலு கிராமுக்கு கொஞ்சம் கம்மியா இருக்கும். தராம மழுப்புனா அதோட விட்டுடுங்க. மாக்கோதை, குட்டுவன்கோதை பேர் போட்ட சேரர் வெள்ளிக்காசு சல்லிசா வந்தாலும் இதே பதில்தான்.

ஒருவேளை நிஜமாவே ஆத்துல இப்போ எடுத்ததுன்னா அது இன்னும் மோசம். 1878ஆம் வருஷ புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு தெரிவிக்கணும். எந்த இடத்துல, எந்த மண் அடுக்குல, எது கூட கிடைச்சதுங்குற தகவல் போயிடுச்சுன்னா அந்த காசு சொல்ல வேண்டிய வரலாறுல பாதி போயிடும், அதுக்கு நம்ம பணம் போகக்கூடாதுங்க. பழைய சேகரிப்புலருந்து வந்தது, பழைய ஏலத்துல பில் போட்டு வாங்கினதுன்னு எழுத்துல காட்டுற ஆள்கிட்ட நூறு இருநூறு கூட கொடுத்து வாங்குங்க, கொடுக்கலாம்.

கேள்வி: ஏலத்துல எடுத்த நாயக்கர் காசு ரெண்டு, சிங்கப்பூர்ல இருக்குற அண்ணனுக்கு பரிசா அனுப்பலாமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: கூடாதும்மா. 100 வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் வருஷ தொல்பொருள் சட்டத்துல தொல்பொருள் கணக்குல வரும், தனியார் யாரும் நாட்டை விட்டு வெளிய அனுப்ப முடியாது, தபால்லயும் சரி, பர்ஸ்ல வச்சு எடுத்துட்டு போறதும் சரி. அண்ணன் லீவுல மதுரைக்கு வரும்போது வீட்டுலயே கையில கொடுத்து பாக்க சொல்லுங்க, அதுவரைக்கும் பிவிசிங்குற பிளாஸ்டிக் இல்லாத கவர்ல போட்டு ஈரம் படாம வைங்க.