செல் மாதிரிக்கு முதலில் தேவை அளவுகோல்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், பள்ளி அறிவியல் செயல்திட்டத்துக்காகத் தாவர செல், விலங்கு செல் ஆகிய இரண்டின் மாதிரிகளையும் தெர்மாகோலில் செய்து வருகிறாள். ஒன்று பெட்டி, மற்றொன்று பந்து என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. எப்படித் திருத்துவது?

பதில்: பொருள்களைச் சேகரிப்பதற்கு முன் அளவுகோலை முடிவு செய்யுங்கள். செல்லின் ஒரு மைக்ரோமீட்டரை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மாதிரியில் ஒரு சென்டிமீட்டராகக் கொண்டால், அதாவது 10,000 மடங்கு பெரிதாக்கினால், கணக்கு எளிதாகிவிடும். 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள விலங்கு செல் 20 செ.மீ. பந்தாகவும், 40 மைக்ரோமீட்டர் நீளமுள்ள இலைச் செல் 40 செ.மீ. பெட்டியாகவும் அமையும். உட்கருவுக்கு ஏறத்தாழ 6 செ.மீ. விட்டமும், உணவு தயாரிக்கும் பசுங்கணிகத்துக்கு 5 செ.மீ. நீளமும், உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அரை முதல் ஒரு செ.மீ. வரை தடிமனும் போதும். புரதம் தயாரிக்கும் ரைபோசோம் ஏறத்தாழ 25 நானோமீட்டர் (1,000 நானோமீட்டர் ஒரு மைக்ரோமீட்டர்) அளவே உடையது என்பதால், இந்த அளவுகோலில் அது கால் மில்லிமீட்டர்தான் வரும். பலரும் ஒட்டும் மணிகள் அதற்கு மிகப் பெரியவை, கூர்மையான பேனாவால் வைக்கும் புள்ளிகளே பொருத்தம். செல் சவ்வுக்கு மெல்லிய கண்ணாடித்தாளையும், செல் சுவருக்குச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டையையும் பயன்படுத்துங்கள். தாவர செல்லில் சுவருக்கு உட்புறம் சவ்வும் இருக்க வேண்டும்.

உண்மையான வேறுபாட்டைக் காட்டுவது நடுவிலுள்ள பெரிய வாக்குவோல், அதாவது நீர் நிறைந்த பைதான். முதிர்ந்த தாவர செல்லின் கன அளவில் பெரும்பகுதியை அதுவே நிரப்பிக்கொள்வதால், உட்கருவும் பசுங்கணிகங்களும் சுவரோரமாக ஒதுங்கிவிடுகின்றன. ஆகவே தண்ணீர் நிறத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையை நடுவில் வைத்து, உட்கருவை ஓரத்துக்கு நகர்த்துங்கள். இந்த ஒரு திருத்தத்திலேயே இரண்டு மாதிரிகளும் வெவ்வேறாகத் தெரியத் தொடங்கும்.

பசுங்கணிகம் இருப்பதால் தாவர செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா தேவையில்லை என்று கருதி அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. உணவைத் தயாரிப்பது ஒரு வேலை, அந்த உணவிலிருந்து ஆற்றலைப் பெறுவது வேறு வேலை. எனவே இரண்டு செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா இடம்பெற வேண்டும். மாதிரியின் பெயர்ச்சீட்டில் 'இலைச் செல்' என்றே எழுதச் சொல்லுங்கள், ஏனெனில் வெங்காயத் தோலின் செல்லிலோ வேர்ச் செல்லிலோ பசுங்கணிகம் இருக்காது. செல் பிரிவதில் உதவும் சென்ட்ரியோல் இணையை விலங்கு செல்லில் மட்டும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். பூக்கும் தாவரங்களில் அது கிடையாது.

தெர்மாகோலைக் கரைக்கும் கரைப்பான்கள் கொண்ட பசைகளும் தெளிப்பு வண்ணங்களும் உண்டு என்பதால், வெள்ளைப் பசையையும் நீரில் கரையும் வண்ணத்தையுமே பயன்படுத்துங்கள். ஒரே உறுப்புக்கு இரண்டு மாதிரிகளிலும் ஒரே நிறம் கொடுத்தால் ஒப்பிடுவது எளிது. அவற்றில் பசுங்கணிகத்தின் பச்சை மட்டுமே இயற்கையானது என்பதையும், மற்ற உறுப்புகள் பெரும்பாலும் நிறமற்றவை என்பதையும் மகள் அறிந்திருக்கட்டும்; ஆசிரியர் கேட்க வாய்ப்புள்ள கேள்வி அது.